பழத்தோட்டமும் ஆராய்ச்சிப் பணமும்

(பேரவையின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்விழாவிற் பேசுமாறு எம்மைப் பணித்தபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பழத்தோட்டம். பரம்பரையலகு மாற்றிய பழப்பயிர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுக்க வேண்டும், ஏன் கொடுக்க வேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விடயம். இது விஞ்ஞான மாணவருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மங்கல நாளில் வாயிலிற் கட்டும் வாழை, அருச்சனைத் தட்டில் வைக்கும் பழம், விருந்தினருக்கு விரிக்கும் தலைவாழையிலை, நோயாளிக்குக் கொடுக்கும் பப்பாசித் துண்டு ஆகிய இவை யாவும் எங்கோ ஒரு தோட்டக்காரன் கைபட்டு வளர்ந்தவை. அவன் தோற்றால் அந்தத் தோல்வி அவனோடு நின்றுவிடுவதில்லை.

கடந்த விடுமுறையின்போது நாமும் நண்பர் சிலரும் தம்பலகாமத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் உள்ள தோட்டங்கள் சிலவற்றைச் சென்று பார்த்தோம். கொட்டியாரக் குடாவை நோக்கி மகாவலி வந்து சேரும் பக்கம் அது. நீரும் வெயிலும் குறைவின்றிக் கிடைக்கும் மண். அங்கே பப்பாசி மரங்கள் பல இலை மஞ்சளித்து, உருக்குலைந்து நின்றன. காய்களின் மேல் வளையம் வளையமாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. வாழைகள் சிலவற்றில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் ஒரு கொத்தாகிவிட்டன. அவை குலை தள்ளப்போவதில்லை. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, “தம்பிமார் பல்கலைக்கழகத்தில படிக்கிறீங்கள். இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்டார். “ஐயா, இதுக்கு மருந்து இல்லை. மரத்தை வேரோட எடுத்து அழிக்கிறதுதான் வழி” என்றோம். “அதை நான் படிக்காமலே செய்துபோட்டன், தம்பி” என்றார் அவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பப்பாசியைக் கெடுப்பது வளையப் புள்ளி வைரசு. வாழையைக் கெடுப்பது முடிக்கொத்து வைரசு. இரண்டையும் காவிச் செல்வது அழுக்கணவன் என்னும் மிகச் சிறிய பூச்சி. பப்பாசி வைரசைப் பொறுத்தவரையில், அப்பூச்சி இலையிற் குத்திச் சுவைத்துப் பார்க்கும் சில விநாடிகளே நோய் தொற்றப் போதுமானவை. பூச்சிகொல்லி அதைக் கொல்லுமுன்பே அது தன் வேலையை முடித்துவிடும். வாழை நோய்க்கோ இன்னொரு வழியும் உண்டு. நோயுற்ற தாய்மரத்தின் அடியிற் பெயர்த்தெடுத்த குட்டியை அயலவருக்கு அன்போடு கொடுக்கிறோம்; அக்குட்டியோடு நோயையும் கொடுத்துவிடுகிறோம். வைரசு புகுந்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்று உலகில் எங்குமே இல்லை.

முடிக்கொத்து நோய் எமது நாட்டுக்குப் புதியதன்று. 1913 ஆம் ஆண்டிலேயே அது இலங்கையிற் பதிவாகியது. அதற்கும் முந்திய ஒரு பாடத்தையும் இந்நாடு கற்றிருக்கிறது. 1869 இல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்கிளி என்னும் அறிஞர் அந்தப் பங்கசுக்குப் பெயரிட்டார். பெயரிட்டாயிற்று, ஆராய்ச்சி நடக்கவில்லை. மார்சல் உவாட் என்னும் இளம் விஞ்ஞானி நோயை முறையாக ஆராய அனுப்பப்பட்டது 1880 இல். பதினொரு ஆண்டுகள் கடந்துவிட்டன. பங்கசின் வாழ்க்கை வட்டத்தை அவர் தெளிவாகக் கண்டறிந்தார். ஆயினும் காப்பாற்றுவதற்குக் கோப்பி மிஞ்சவில்லை. ஒரு பெருந்தொழிலே அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பித் தோட்டத்தை நம்பி வந்த எம்மினத்துத் தொழிலாளர் பட்ட துன்பத்தைக் கணக்கிட்டு எழுதிவைத்தார் எவருமிலர்.

அந்தப் பாடத்தைத் தோட்டத்துரைமார் மறக்கவில்லை. இறப்பர் ஆராய்ச்சி 1910 அளவிலேயே தொடங்கியது. தேயிலை ஆராய்ச்சிக்கென 1925 இல் தனிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது செஸ் வரி விதித்து, அப்பணத்தால் ஆராய்ச்சி நிலையம் நடத்தினர். தெங்குக்கும் 1928 இற் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு லுணுவிலையில் ஆராய்ச்சி தொடங்கியது. பயிரால் வாழ்வோர் அப்பயிரின் வருவாயிற் சிறு பங்கை அதன் எதிர்காலத்துக்கென ஒதுக்கிவைப்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள். வீட்டிலே சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வேறு பானையிற் போட்டுவைக்கும் எங்கள் தாய்மார் இதனை நன்கு விளங்கிக்கொள்வர்.

பழம் அந்த வழியில் வளரவில்லை. ஹொரணையிலும் கன்னொறுவையிலும் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் பழப்பயிர்களுக்காகப் பணிபுரிகின்றனர். ஆனால் அப்பணி அரசின் வரவுசெலவுத் திட்டத்தை நம்பியிருப்பது. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் அதற்கும் நெருக்கடி. வாழையும் பப்பாசியும் பெருந்தோட்டத் துரைமாரின் பயிர்களாக இருந்ததில்லை. வீட்டு வளவிலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர்க் காணியிலும் வளர்பவை அவை. அவற்றுக்காகப் பேசச் சங்கமும் இல்லை, சபையும் இல்லை.

தனியார் நிறுவனங்கள் இதைச் செய்யாவோ என்று சிலர் கேட்கலாம். உலகெங்கும் இன்று பயிராகும் பரம்பரையலகு மாற்றிய பயிர்களின் மிகப் பெரும் பகுதி சோயா, சோளம், பருத்தி, கனோலா ஆகிய நான்கே. இலட்சக்கணக்கான ஏக்கரில் ஆண்டுதோறும் விதைப்பவை அவை. விதை விற்போருக்கு வருவாய் தருபவை. வேலியோரப் பப்பாசிக்கும், குட்டியால் தானே பெருகும் கதலி வாழைக்கும் எந்த நிறுவனம் பணம் முடக்கும்? இலாபம் தரும் பயிரைத் தேடிப் போவது வணிகத்தின் இயல்பு. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை நம்பியிருப்பதும் பயனில்லை.

பரம்பரையலகு மாற்றுதல் என்றால் என்ன என்பதைச் சிறிது பார்ப்போம். நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், மெண்டல் என்னும் துறவியார் தமது மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து நட்டுக் கணக்கெடுத்த கதையை ஆசிரியர் சொல்லித் தந்தார். நெட்டை, குட்டை முதலிய இயல்புகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதற்குக் கணக்கு உண்டு என்று 1866 இல் அவர் வெளியிட்டார். அவ்வியல்புகளைச் சுமக்கும் நுண்ணிய பகுதிகளையே பரம்பரையலகு என்கிறோம். ஒட்டுப் போடுதலும் கலப்பினம் ஆக்குதலும் மனிதன் நெடுங்காலமாகச் செய்து வருபவை. கலப்பினத்தில் இரு செடிகளின் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. புதிய முறையிலோ வேண்டிய ஓர் அலகை மட்டும் தெரிந்தெடுத்துக் கலத்தினுள்ளே புகுத்துகின்றனர். அக்கலத்தை இழைய வளர்ப்பு முறையால் முழுச் செடியாக வளர்த்தெடுக்கின்றனர்.

பழத் தோட்டக்காரருக்காக இம்முறையைக் கையாண்டு வென்ற கதை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது எம்மைப் போன்ற தீவு மக்களின் கதை.

பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளில் பப்பாசி முக்கியமான பழப்பயிர். முதலில் ஒவாகு என்னும் தீவிற் செழித்திருந்தது. வளையப் புள்ளி வைரசு அங்கே பரவவே, 1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டக்காரர்கள் ஹவாய் என்னும் பெரிய தீவின் பூனா மாவட்டத்துக்குத் தொழிலை மாற்றினர். அங்கே நோய் இல்லை. ஆனால் பூனாவுக்கு ஏறக்குறைய இருபது மைல் தொலைவிலுள்ள ஹீலோ நகரில் நோய் இருந்தது. என்றாவது ஒரு நாள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஹவாயிற் பிறந்து கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய கலாநிதி டெனிஸ் கொன்சால்வேஸ், நோய் பூனாவை எட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, 1970களின் இறுதியில், ஆராய்ச்சியைத் தொடங்கினார். வீடு தீப்பிடித்த பின் கிணறு வெட்டும் வழக்கத்துக்கு மாறாக, தீ இல்லாத காலத்திற் கிணறு வெட்டிய பெருமை அவருடையது.

1980களின் நடுப்பகுதியில் அவரும், ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மான்சாட், மோரீன் பிச், நிறுவனமொன்றில் விஞ்ஞானியாயிருந்த சிலைற்றம் ஆகியோரும் ஒன்றுசேர்ந்தனர். அந்த வைரசுக்கு மேலுறையாக அமையும் புரதத்தின் அலகை எடுத்து, நுண்ணிய உலோகத் துகள்களிற் பூசி, துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் பப்பாசிக் கலங்களினுள்ளே செலுத்தினர். பகைவனின் அடையாளத்தைக் காவற்காரனுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பது போன்றது இது. அவ்வடையாளத்தைத் தன்னுள்ளே கொண்ட மரம், உண்மை வைரசு வந்து நுழையும்போது அதன் செய்தியை அறிந்து சிதைத்துவிடுகிறது. 1991 அளவில் எதிர்ப்புச் சக்தியுள்ள ஒரு வழி கிடைத்தது. 1992 ஏப்பிரலில் ஒவாகுவில் அதைத் தோட்டத்தில் நட்டுச் சோதித்தனர். அடுத்த மாதமே பூனாவில் வைரசு கண்டுபிடிக்கப்பட்டது!

நோய் காட்டுத்தீயாகப் பரவிற்று. 1992 இல் 5 கோடியே 30 இலட்சம் இறாத்தலாயிருந்த பூனாவின் விளைச்சல், 1998 இல் 2 கோடியே 60 இலட்சமாகச் சரிந்தது. மரங்களை வெட்டியும் எரித்தும் பார்த்தனர், பயனில்லை. 1995 இல் பூனாவிலேயே நட்ட பெரிய சோதனைத் தோட்டத்தில், சாதாரண மரங்கள் நோயில் வீழ்ந்தன. ‘ரெயின்போ’ என்னும் புதிய மரங்கள் பச்சைப் பசேலென நின்றன. 1996 இலும் 1997 இலும் அமெரிக்க அரசின் விவசாய, சுற்றாடல், உணவுப் பிரிவுகள் மூன்றினதும் பரிசீலனை முடிந்தது. 1998 மே மாதத்தில் விதை தோட்டக்காரர் கைக்கு வந்தது.

இங்கே பணத்தின் கதையைக் கவனியுங்கள். பெருநிறுவனங்கள் அக்கறை கொள்ளாத சிறு பயிர் அது. பொதுப் பணமே ஆராய்ச்சிக்கு அடித்தளமாயிற்று. விதை தயாரானபோது, அதில் அடங்கிய நுட்பங்களின் காப்புரிமை மொன்சாந்தோ உட்பட நான்கு உரிமையாளரிடம் இருந்தது. அந்நாளில் ஹவாய்ப் பப்பாசித் தோட்டக்காரருக்கெனச் சட்டப்படி ஒரு நிருவாகக் குழு இருந்தது. தோட்டக்காரர் விற்பனைக்கு ஏற்பச் செலுத்திய கட்டணத்தால் நடந்தது. அக்குழுவே உரிமையாளரோடு பேசி அனுமதி பெற்று, விதையை முதலில் இலவசமாகவே வழங்கியது. பொதுப் பணம் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. தோட்டக்காரரின் பணம் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இவற்றுள் எது இல்லாதிருந்தாலும் அந்தப் பழம் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயோடு நின்றிருக்கும்.

“நல்லது, அந்த விதையை வாங்கி மூதூரில் நடுவோமே” என்று நீங்கள் கருதலாம். இங்கேதான் எமது உரையின் மையம் இருக்கிறது. வைரசு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஹவாய் வைரசின் அடையாளத்தைக் கற்ற மரம் ஹவாய் வைரசையே நன்கு எதிர்க்கும். வேறு நாட்டு வைரசின் முன் ‘ரெயின்போ’ தோற்றுவிடுவதைச் சோதனைகள் காட்டின. எனவே எங்கள் மண்ணிலுள்ள வைரசை எடுத்து, எங்கள் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தாலன்றி எங்களுக்கு ஏற்ற மரம் கிடையாது. கப்பலிற் கோதுமை வரும், சீனி வரும், உரம் வரும். இந்த அறிவு எந்தத் துறைமுகத்திலும் வந்து இறங்காது. இதற்கு நாமே செலவு செய்தாக வேண்டும்.

வாழையின் நிலை இன்னும் கடினமானது. நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை. விதை இல்லாதபடியால் கலப்பினம் ஆக்குதல் மிக அரிது. ஒரு தோட்டத்துக் கதலி யாவும் ஒரே மரத்தின் பிரதிகள் எனலாம். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். கோழிக்கூட்டு வாழை பனாமா வாடல் நோய்க்கு எளிதில் இரையாவதைத் தோட்டக்காரர் அறிவர். அந்நோயின் புதிய, கொடிய வகை ஒன்று ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவி, இந்தியாவின் பீகார் மாநிலத்தையும் எட்டியுள்ளது. மண்ணிலும் சப்பாத்தில் ஒட்டிய சேற்றிலும் நடுகைக் குட்டியிலும் அது பயணம் செய்யும். துறைமுகத்து மக்களாகிய நாம் இதனைக் கேட்டுப் பேசாதிருத்தல் தகாது.

அவுஸ்திரேலியாவில் இந்த வகை 1997 இல் வடக்குப் பிரதேசத்திலும் 2015 இல் குயீன்ஸ்லாந்திலும் காணப்பட்டது. குயீன்ஸ்லாந்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் டேலும் அவர் குழுவினரும், காட்டு வாழை ஒன்றின் அலகை எடுத்து, சந்தையிற் பெரிதும் விற்கும் கவென்டிஷ் வாழையினுட் புகுத்தினர். 2024 பெப்ரவரியில் அவ்வாழைக்கு அரசின் அனுமதி கிடைத்தது. இதற்கான பணத்தின் ஒரு பகுதி வாழைத் தோட்டக்காரரே செலுத்தும் ஆராய்ச்சி வரியிலிருந்து வந்தது. பல்கலைக்கழகமும் அரசும் மற்றப் பங்கை ஈந்தன. இதிலே ஒரு நுட்பம் உண்டு. அனுமதி பெற்ற அந்த வாழையை அவர்கள் உடனே சந்தைக்குக் கொண்டுவரவில்லை. நோய் மிஞ்சினால் எடுத்துக்கொள்வோம் என்று காவலாக வைத்திருக்கின்றனர். ஆராய்வது ஒன்று, நடுவது வேறொன்று. ஆராய்ந்து வைத்திருப்பவனுக்கே நடுவதா, விடுவதா என்று தெரிவு செய்யும் சுதந்திரம் உண்டு. ஆராயாதவனுக்குத் தெரிவே இல்லை.

எல்லா நோய்க்கும் இந்த ஒரு முறையே மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. பழனிமலைப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்குக் காரணமான விருப்பாட்சி வாழை, ஒரு காலத்தில் ஏறக்குறைய 18,000 ஹெக்டயரில் விளைந்து, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டயர் அளவுக்குச் சுருங்கியது. அதை மீட்கக் கைகொடுத்தது பரம்பரையலகு மாற்றமன்று. வைரசு இல்லையெனச் சோதித்து, இழைய வளர்ப்பால் உண்டாக்கிய சுத்தமான கன்றுகளே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இப்பணியில் ஈடுபட்டனர். அவுஸ்திரேலியாவில் 1920களில் இதே நோய் வாழைத் தொழிலைச் சாய்த்தபோது, அரசுகள் கூட்டாகப் பணம் ஒதுக்கி ஆராய்ச்சி நடத்தின. மகீ என்னும் இளைஞர் அழுக்கணவனே நோயைப் பரப்புகிறது என்று நிறுவினார், நோயுற்ற மரத்தை அழித்து, சுத்தமான குட்டியை மட்டும் நடச் சட்டம் செய்தனர், தொழில் மீண்டது. மருந்து எதுவாயினும் அதைக் காட்டித் தந்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சியை நடத்தியது பொதுப் பணம்.

இனி, பெரியோர்கள் கேட்கக்கூடிய வினாக்களுக்கு வருவோம்.

இறைவன் படைப்பிலே மனிதன் கைவைக்கலாமா என்பது முதலாவது. காட்டு வாழைப்பழத்தைப் பிளந்து பார்த்தவருக்கு விடை எளிது. அதனுள்ளே கல்லுப்போன்ற விதைகள் நிறைந்திருக்கும். விதையற்ற மரத்தைக் கண்டு, பேணி, குட்டி குட்டியாகப் பெயர்த்து நட்டுக் காத்தவர் எம் முன்னோர். அருச்சனைத் தட்டிலுள்ள வாழைப்பழமே மனித முயற்சியும் இறையருளும் சேர்ந்த பழம். கைவைப்பது பிழையன்று, பொறுப்பின்றிக் கைவைப்பதே பிழை.

உடலுக்குத் தீங்கு வராதா என்பது இரண்டாவது. இது நியாயமான வினா. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதித்துத்தான் விடை சொல்ல வேண்டும். ஹவாய்ப் பப்பாசியை மக்கள் 1998 முதல் உண்டு வருகின்றனர். யப்பான் அரசு நீண்ட பரிசோதனைக்குப் பின் 2011 டிசம்பரில் அதன் இறக்குமதிக்கு வழிவிட்டது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நோயுற்ற சாதாரணப் பப்பாசியை உண்ணும்போது அதே வைரசின் புரதத்தை மிகுதியாக உண்கிறோம். காலங்காலமாக உண்டு வந்திருக்கிறோம்.

அயல் தோட்டக்காரனின் நிலை மூன்றாவது. இதில் ஹவாயிலும் மனக்கசப்பு இருந்தது. இயற்கை முறையிற் பயிரிடுவோர் தம் மரங்களில் மகரந்தம் கலப்பதை எதிர்த்தனர். யப்பானுக்கு ஏற்றுமதி செய்தோர், அந்நாடு அனுமதிக்கும்வரை, பழைய இனத்தைத் தனியே காத்து வளர்க்க வேண்டியிருந்தது. தாய்லாந்தில் 2004 இல் கொன்கென் ஆராய்ச்சி நிலையத்துப் பப்பாசி அயற்றோட்டங்களுக்குப் பரவியதென்று பெருங்கிளர்ச்சி எழுந்து, அரசு தோட்டச் சோதனைகளையே நிறுத்திவிட்டது. காவலும் வெளிப்படைத்தன்மையும் இல்லாத ஆராய்ச்சி, நல்ல ஆராய்ச்சியையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்பதற்கு அது சான்று.

விதை நிறுவனங்களின் பிடியில் எங்கள் கமக்காரர் விழுந்துவிடுவரே என்பது நான்காவது. நான்கினுள்ளும் வலிமையானது இதுவே என்று நாம் கருதுகிறோம். இந்தியாவில் 2010 இல் பூச்சியை எதிர்க்கும் கத்தரிக்குத் தடை வந்தபோது, நிறுவனத்தின் மீதிருந்த ஐயமும் எதிர்ப்பின் ஒரு பெரும் பகுதியாயிருந்தது. அதே நுட்பத்தை வங்காளதேசத்தில் அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையமே முன்னின்று தன் நாட்டுக் கத்தரி இனங்களிற் புகுத்தி, 2014 இல் கமக்காரருக்கு வழங்கத் தொடங்கியது. எனவே நிறுவனத்துக்கு அஞ்சுவோர் ஆராய்ச்சியை எதிர்ப்பதில் அர்த்தமில்லை. பொது ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பதே அர்த்தமுள்ளது. எங்கள் தோட்டக்காரர் பலர் இன்று நடும் ‘ரெட் லேடி’ப் பப்பாசி பிறநாட்டுக் கலப்பினம்; அதில் எவரும் பரம்பரையலகு மாற்றவில்லை. ஆயினும் அதன் பழத்து விதையைப் போட்டால் தாய்மரத்தைப் போல வராது. ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிடியிலிருந்து விடுபடும் வழியும் எமது சொந்த ஆராய்ச்சியே.

கடன்பட்டு நிற்கும் நாட்டில் இதற்குப் பணம் ஏது என்பது இறுதி வினா. 2022 இல் நாடு பட்ட பாட்டை நாமும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று அறிந்தவர்களே. அதற்கு முந்திய ஆண்டில், 2021 இல், போதிய ஆய்வு இன்றி இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை கைவிடப்பட்டது. அதனால் கமக்காரர் அடைந்த நட்டம் எவ்வளவு! அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை, ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் விலையிலும் எப்போதும் பெரிது.

இலங்கை உயிரியற் பாதுகாப்பு பற்றிய கார்ட்டஜீனா உடன்படிக்கையை 2004 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பரம்பரையலகு மாற்றிய உணவுகளின் இறக்குமதி, அடையாளமிடல், விற்பனை பற்றிய விதிகள் 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. வருவதைத் தடுக்கவும் குறிக்கவும் விதி செய்தோம். எமக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்ளப் போதிய பணம் ஒதுக்கவில்லை. ஆகவே நாம் வேண்டுவன இவை. தேயிலைக்கும் தெங்குக்கும் உள்ளதுபோல் பழத்துக்கும் சட்டப்படி ஓர் ஆராய்ச்சி நிதி அமைய வேண்டும். ஏற்றுமதியாகும் பழத்திலிருந்து சிறு பங்கும், அதற்குச் சமமான அரசு பங்கும் அதிற் சேர வேண்டும். அரை ஏக்கர்க் கமக்காரனிடம் ஒரு சதமும் அறவிடலாகாது. அந்நிதியின் முதற்பணம், மாவட்டந்தோறும் எந்த வைரசு எவ்வளவு பரவியுள்ளது என்ற கணக்கெடுப்புக்கும் சுத்தமான கன்றுகளுக்கும் செல்லட்டும். அடுத்த பணம் பரம்பரையலகு ஆராய்ச்சிக்குச் செல்லட்டும். பொதுப் பணத்திற் பிறந்த விதையும் கன்றும் பொதுச் சொத்தாதல் வேண்டும். அவற்றை ஆக்கியவர் ஒருவரும் சோதிப்பவர் வேறொருவருமாக இருத்தல் வேண்டும். சோதனை முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் கமக்காரனுக்கு விளங்கும்படி வெளிவர வேண்டும்.

இளைஞர்களே! இவற்றையெல்லாம் கொழும்பு செய்யட்டும் என்று நாம் கைகட்டியிருத்தல் ஆகாது. இன்றே செய்யத்தக்க பணி எம் கையிலும் உண்டு. நோய்கண்ட வாழையிலிருந்து குட்டி பெயர்த்து எவருக்கும் கொடாதிருப்போம். பெற்றோருக்கும் அயலாருக்கும் காரணத்தைப் பணிவோடு விளக்குவோம். விடுமுறை நாட்களிற் குழுக்களாகச் சென்று, எந்த ஊரில் எத்தனை மரம் நோயுற்றது என்று கணக்கெடுத்து, கமநல சேவை நிலையத்துக்கும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கும் அறிவிப்போம். பணம் கேட்டுப் போகிறவன் கையிற் கணக்கு இருக்க வேண்டும். தம்பலகாமத்தில் இந்துவும், மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் சகோதரரும், கந்தளாயிற் சிங்களச் சகோதரரும் வளர்க்கும் வாழையை ஒரே அழுக்கணவன்தான் கடிக்கிறது. அதற்கு வேலியும் தெரியாது, இனமும் தெரியாது. அதை எதிர்க்கும் முயற்சியும் அவ்வாறே வேலி தாண்டியதாக இருத்தல் வேண்டும். உயிரியல் படிக்கும் தம்பி, தங்கையருள் ஒருவரேனும், வைத்தியத் துறை கிடைக்கவில்லையே என்று வருந்தாமல், மரத்துக்கு வைத்தியம் பார்க்கும் இக்கல்வியை மனமுவந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெரியோர்களே! திருமண வீட்டில் மணமக்களை வாழையடி வாழையாக வாழ்க என்று நீங்கள் வாழ்த்துகிறீர்கள். அவ்வாழ்த்துப் பொருளுடையதாக வேண்டுமாயின் அடிவாழை நோயின்றி இருக்க வேண்டும். அதைக் காக்கும் அறிவை இந்தத் தலைமுறை தேடட்டும். தேடுவதற்கு வேண்டிய பொருளை நாடு கொடுக்கட்டும். கொடுக்கும்படி கேட்கும் குரல் திருகோணமலையிலிருந்தும் எழட்டும்.